நாப்பாப் பள்ளத்தாக்கும் ஒரு மூன்று வரிச் செய்தியும்

வைனைச் சுவைப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதற்கு எழுபத்தைந்து வயது தாண்டிய ஒருவன் காசு கட்டிப் போவது வேடிக்கையான விடயந்தான். ஆனாலும் போனேன். போகவைத்தவள் என் மகள். சான் ஹொசேயில் இருக்கும் அவளிடம் சென்ற புரட்டாதியில் ரொறன்ரோவிலிருந்து போயிருந்தபோது, "அப்பா, நீங்கள் உலகத்திலை உள்ள எல்லாத்தைப் பற்றியும் எழுதிப்போட்டியள். இதைப் பற்றி மட்டும் ஒண்டும் எழுதேல்லை. வாங்கோ" என்றாள். மருமகன் என் தயக்கத்தைப் புரிந்துகொண்டு, "மாமா, குடிக்கத் தேவையில்லை. மணந்து பார்த்தாலே போதும்" என்று ஆறுதல் சொன்னார்.

இரண்டு மணிநேரக் கார்ப் பயணம். நாப்பாப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய முப்பது மைல் நீளம்; அகலம் ஐந்து மைலைத் தாண்டாது. இருபுறமும் மலை. வீதியின் இரு மருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் முந்திரிகை. தமிழக வாசகர்கள் முந்திரிப் பருப்பை நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் திராட்சையைத்தான் முந்திரிகை என்போம். எங்கள் பக்கத்து முந்திரிகை தலைக்கு மேலே பந்தலில் படர்வது. குலைகள் கீழே தொங்கும். நாங்கள் குனிந்து நடப்போம். இங்கே இடுப்பளவு உயரத்தில், கம்பி வரிசைகளில், பட்டாளம் போல நின்றது.

நாங்கள் போன தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விளம்பரம் செய்வதும் நோக்கமில்லை, குறை சொல்வதும் நோக்கமில்லை. நீண்ட மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் முன்னும் ஐந்து கண்ணாடிக் கிண்ணங்கள். தண்ணீர், பாண் துண்டுகள். மேசை நடுவில் ஒரு பாத்திரம். அதைப் பார்த்ததும் எனக்குச் சண்டிலிப்பாயில் ஆச்சியின் கட்டிலடியில் இருந்த பித்தளைப் படிக்கம் நினைவுக்கு வந்தது. என் ஊகம் சரி. அது துப்புவதற்குத்தான்.

வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முதலில் வெள்ளைக் கடதாசியைப் பின்னே பிடித்து நிறத்தைப் பார்க்க வேண்டும். பிறகு கிண்ணத்தைச் சுழற்ற வேண்டும். மூக்கை உள்ளே விட்டு மணக்க வேண்டும். ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்கால் கொஞ்சம் காற்றையும் உள்ளிழுத்து, நாக்கு முழுவதும் உருட்ட வேண்டும். பிறகு துப்பிவிட வேண்டும். வாயில் போட்டதைத் துப்புவது வெற்றிலைக்கு மட்டும் உரிய வழக்கம் என்று வளர்ந்தவன் நான். முதல் கிண்ணத்தை விழுங்கிவிட்டேன். மகள் முறைத்தாள்.

"இதற்கு முன் வைன் அருந்தியிருக்கிறீர்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். சின்ன வயதில், கத்தோலிக்க நண்பன் வீட்டு நத்தாருக்குத் தோலகட்டி வைன் அருந்தியிருக்கிறேன் என்றேன். அவருக்கு விளங்கியிருக்க நியாயமில்லை. 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தியானத் துறவிகளின் மடம் வசாவிளானுக்கு அருகே தோலகட்டியில் இருந்தது. அவர்களுடைய வைன் இனிக்கும். கறுவாவும் கராம்பும் மணக்கும். நாப்பாவின் தராசில் வைத்தால் அது வைனே இல்லை என்பார்கள்.

முதலில் சொவிஞ்ஞோன் பிளாங், அடுத்து ஷார்டனே, பிறகு சிவப்பு வைன்கள் மூன்று. ஷார்டனேயில் வெண்ணெய் மணந்தது. முந்திரிகையில் ஏது வெண்ணெய் என்று கேட்டேன். அப்பிள் பழத்திலுள்ள மலிக் அமிலம் பழச்சாற்றிலும் உண்டாம். அதை ஒருவகைப் பற்றீரியாக்கள் பால் புளிக்கும்போது உண்டாகும் லக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. அப்போது பிறக்கும் மணந்தான் அது என்றார். ஓக் மரப் பீப்பாயில் கிடப்பதால் வனிலா வாசமும் சேர்கிறது. ஈரக்கல், தோல், பென்சில் கரி என்று அவர் அடுக்கிய மணங்களில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. கடைசிக் கிண்ணமான கபர்னே சொவிஞ்ஞோனில் புகையிலை மணக்கிறது என்றார். அது மட்டும் உடனே பிடிபட்டது. புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அதில் வழிகாட்டி தேவையில்லை.

பிறகு மண்ணைப் பற்றிச் சொன்னார். இரவில் சான் பப்லோ விரிகுடாவிலிருந்து பனிமூட்டம் பள்ளத்தாக்குக்குள் ஏறிவருகிறது. காலை பத்து மணிவரை குளிர், பிறகு கொளுத்தும் வெயில், மறுபடி குளிர். பழத்தில் இனிப்பு ஏறினாலும் புளிப்பு இறங்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். 1981இல் நாப்பா தனித் திராட்சைப் பிரதேசமாகச் சட்டப்படி வரையறுக்கப்பட்டது. போத்தலில் அந்தப் பெயரை ஒட்ட வேண்டுமானால் நூற்றுக்கு 85 பங்கு பழம் அங்கே விளைந்திருக்க வேண்டும். ஒரே தோட்டத்தின் பெயரைப் போடுவதென்றால் 95 பங்கு.

இதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ நெருடியது. ஒரே தோட்டத்துப் பழம் என்பதற்கு இவ்வளவு மதிப்பு! எங்கள் ஊரில் "தனிப்பனைக் கள்ளு" என்று ஒன்று இருந்தது. பல மரத்துக் கள்ளையும் ஒன்றாய் ஊற்றாமல் ஒரே பனையிலிருந்து இறக்கியது. மருந்துக்கு என்று அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். அதற்கு யாரும் சட்டம் எழுதவில்லை. கொண்டுவருபவரின் சொல்லே சான்று.

நெருடலை அந்தப் பெண் இன்னும் பெரிதாக்கினார். கடதாசிப் பையில் மறைத்த இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்து, எது விலை கூடியது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பன்னிருவரில் எட்டுப் பேர் தோற்றோம். பிறகு, நாப்பாவுக்குப் புகழ் வந்த கதையைச் சொன்னார்.

1976 மே 24. அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டையொட்டிப் பாரிஸில் வைன் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒரு சோதனை வைத்தார். பிரான்சின் புகழ்பெற்ற வைன்களையும் கலிபோர்னிய வைன்களையும் பெயர் மறைத்து ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களிடம் கொடுத்தார். வெள்ளையில் பத்து, சிவப்பில் பத்து. கலிபோர்னியா வெல்லும் என்று ஸ்பரியரே எதிர்பார்க்கவில்லை. வெள்ளையில் முதலிடம் ஷாட்டோ மொண்டெலினாவின் 1973ஆம் ஆண்டு ஷார்டனேக்குக் கிடைத்தது; சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் வைன் செலர்ஸின் 1973ஆம் ஆண்டு கபர்னேக்கு. இரண்டும் நாப்பா. ஒரு நிபுணர் கலிபோர்னிய வைனை வாயில் வைத்துவிட்டு, மறுபடி பிரான்சுக்கு வந்துவிட்டோம் என்று பூரித்தாராம். முடிவு தெரிந்ததும் இன்னொருவர் தாம் புள்ளியிட்ட தாளைத் திருப்பிக் கேட்டாராம். அந்த வைன்களின் போத்தல்கள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பத்திரிகைக்காரன் காது நிமிர்ந்தது இதற்குப் பிறகுதான். ஸ்பரியர் பல பத்திரிகைகளை அழைத்திருந்தார். வந்தது ஒரே ஒரு செய்தியாளர், 'டைம்' சஞ்சிகையின் ஜோர்ஜ் டேபர். பிரெஞ்சு வைன் வெல்லப்போகிறது, இதில் என்ன செய்தி என்று மற்ற எவரும் எட்டிப் பார்க்கவில்லை. எந்தக் கிண்ணத்தில் எது என்ற பட்டியல் டேபரின் கையில் இருந்ததால், நிபுணர்கள் தடுமாறுவதை அவர் கண்ணெதிரே கண்டார். 'டைம்' அதைச் சில பந்திகளில் வெளியிட்டது. அந்தச் சில பந்திகள் ஒரு பள்ளத்தாக்கின் தலைவிதியை மாற்றின. டேபர் போயிராவிட்டால் அது அந்த அறைக்குள்ளேயே முடிந்துபோயிருக்கும். 2005இல் அவரே அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

"என்ன அப்பா, ஒண்டும் பேசாமல் இருக்கிறியள்?" என்று மகள் கேட்டாள். 1976 மே மாதம் என்றதும் என் மனம் மேசையைவிட்டுப் போய்விட்டது. அதைச் சொல்வதற்கு முன் இன்னொரு சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சண்டிலிப்பாயில் எங்கள் வளவு வழுக்கையாற்றுப் பக்கமாக இருந்தது. ஆறு என்று பெயர். மாரியில் மட்டும் ஓடும். அப்பு காலையில் பின்வளவில், மாமர நிழலில், பனையோலைப் பிளாவை இரு கைகளாலும் ஏந்திக் கள்ளருந்துவார். அது வீட்டிலே எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். கள்ளைக் கொண்டுவருபவர் பின்படலையோடு நின்றுவிடுவார். உள்ளே வருவதில்லை. உட்காருவதில்லை. முட்டியைச் சாய்த்து எட்ட நின்றே பிளாவில் வார்ப்பார். நாங்கள் வேளாளர். அவர் சீவல் தொழிலாளி. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்களில் ஒருவர். அப்புவை "நயினார்" என்பார். ஒன்பது வயதுப் பொடியனான என்னைச் "சின்ன நயினார்" என்பார். நான் அவரை என்ன சொல்லி அழைத்தேன்? "நீ" என்று அழைத்தேன். ஐம்பது வயது மனிதரை. வீட்டில் எல்லோரும் வாய்க்கு வசதியாகச் சுருக்கி வைத்திருந்த ஒரு பெயரால் அழைத்தேன். பொதுவிடங்களில் சாதி காரணமாக மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. எங்கள் பின்படலை வரைக்கும் அது வந்து சேரவில்லை.

ஒரு சித்திரை விடுமுறை. அவர் இரண்டு முட்டிகளைப் படலையடியில் வைத்துவிட்டு ஓலை பிடுங்கிக்கொண்டு நின்றார். ஒன்று கேணியடி ஆண்பனை, மற்றது தெற்கு வேலி பெண்பனை என்று அப்புவுக்குச் சொல்லியிருந்தார். உண்மையிலேயே இவருக்கு வித்தியாசம் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். அவர் பாராத நேரம் முட்டிகளை இடம் மாற்றினேன். போதாதென்று, ஒன்றிலிருந்து மற்றதற்குள் கொஞ்சம் ஊற்றியும் விட்டேன். அவர் வந்து முதல் முட்டியைத் தூக்கினார். அப்படியே நின்றார். மணந்தார். மற்றதையும் மணந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். "இது வேலிப்பனை. இடம் மாறியிருக்கு. கேணியடியிலை வேலிக் கள்ளும் கொஞ்சம் விழுந்திருக்கு. சின்ன நயினார்தான்" என்றார். அப்பு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார், நின்றபடியே.

அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று இன்று விளங்குகிறது. தளைநாரைக் காலில் மாட்டிக் கிளையற்ற மரத்தில் காலையும் மாலையும் ஏறுகிறவர். ஒரு மரமல்ல, பல மரங்கள். பாளையைத் தட்டுப்பொல்லால் பதமாகத் தட்டி, நசித்து, கட்டி, நுனியைப் பாளைக்கத்தியால் மெல்லிதாய்ச் சீவ வேண்டும். அழுத்திச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வாய் காய்ந்துவிடும். காய்ச்சல், துக்கம், திருவிழா எதுவும் மரத்துக்குத் தெரியாது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால், மதுவம் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஈஸ்ட் காற்றிலிருந்தே வந்து குடியேறி, சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கும். காலையில் இனிப்பு, மத்தியானம் கள், மாலையில் புளிப்பு, மறுநாள் காடி. நாப்பாவில் பீப்பாயைப் பூட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பனங்கள்ளின் ஆயுள் ஒரு நாள். ஆகவே அதை அறிகிற மூக்கும் அந்த ஒரு நாளுக்குள் அறிய வேண்டும்.

நிற்க. 1976 மே மாதத்துக்கு வருகிறேன்.

அப்போது நான் கொழும்பில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் உதவி ஆசிரியன். மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டைப் பண்ணாகத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மாநாடு. தனித் தமிழீழத் தீர்மானம் நிறைவேறிய மாநாடு. பண்ணாகம் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். எங்கள் பக்கத்து ஒழுங்கைகளின் பெயர்கள் முதற்பக்கத்தில் வருகின்றன என்று எனக்குப் பெருமை வேறு. அன்றிரவு மேசையில் செய்தி குவிந்தது. தலைவர்களின் உரைகள், தீர்மான வாசகங்கள், எதிர்வினைகள். உள்பக்கங்களில் மற்றச் செய்திகளை எல்லாம் சுருக்க வேண்டியிருந்தது.

அவற்றுள் ஒன்று, யாழ்ப்பாணத்து நிருபர் அனுப்பிய எட்டு வரிச் செய்தி. சண்டிலிப்பாயில் பனையிலிருந்து தவறி விழுந்த சீவல் தொழிலாளி ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிரிழந்தார். பெயர், வயது, மனைவி பிள்ளைகளின் தொகை எல்லாம் இருந்தன. சண்டிலிப்பாய் என்ற சொல்லைக் கண்டதும் ஒரு கணம் நின்றேன். பெயரைப் பார்த்தேன். முழுப் பெயர், தகப்பன் பெயரும் சேர்ந்தது. எனக்குத் தெரியாத பெயர். நான்கு வரியாக்கினேன். பத்தியில் மூன்று வரிக்குத்தான் இடம் என்றார்கள். பெயரை வெட்டினேன். "சீவல் தொழிலாளி ஒருவர்" என்று போனது.

ஆனி மாதம் ஊருக்குப் போனபோது ஆச்சி சொன்னார், கேணியடிப் பனையிலிருந்து அவர் விழுந்துவிட்டார் என்று. எங்கள் மரம். எங்களுக்குக் கள்ளிறக்க ஏறிய மரம். ஆச்சி சொன்னது அந்தச் சுருக்கப் பெயரை. அப்போதுதான் விளங்கியது. எனக்குத் தெரிந்த பெயர் செய்தியில் இருக்கவில்லை. செய்தியில் இருந்த பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்தொன்பது இருபது வருடம் ஒரு மனிதரின் கையால் எங்கள் வீடு குடித்திருக்கிறது, அவர் பெயர் என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தச் செய்தி மேசையில் நான் வெட்டிய நாளிலிருந்து பத்தே நாளில்தான் டேபர் பாரிஸில் அந்த அறைக்குள் நுழைந்திருக்கிறார். எவரும் செய்தியென்று கருதாத இடத்துக்கு ஒருவர் போனார். நான் பிறந்த வளவுக்குள்ளே நடந்ததை, அதுவும் என் மேசைக்கே தேடிவந்ததை, மூன்று வரியாக்கி அனுப்பினேன். நாற்பது வருடத்துக்கு மேலாகப் பத்திரிகைத் தொழில் செய்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான பெயர்களை அச்சேற்றியிருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் அச்சேறத் தேவையில்லாத பெயர்கள்.

மேசைக்குத் திரும்புவோம். போத்தலைக் கையிலெடுத்துப் பார்த்தேன். தோட்டத்தின் பெயர், ஆண்டு, வைனை ஆக்கியவரின் பெயர், கையொப்பம் எல்லாம் இருந்தன. மொண்டெலினா வைனை ஆக்கிய மைக் கிர்கிச் குரோவேஷியாவிலிருந்து வந்த குடியேறி என்றும், இன்று அவர் பெயரிலேயே ஒரு வைன் சாலை இருக்கிறது என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தார். ஆக்கியவனுக்கு என்ன மரியாதை என்று ஏங்கினேன். பழைய தொழில் விடவில்லை, கேள்வியும் கேட்டேன். "பழத்தைப் பறிப்பது யார்?"

பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்கள் என்றார். பழம் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமென்பதால் இரவில், விளக்கு வெளிச்சத்தில் பறிப்பார்கள். நாம் உட்கார்ந்திருந்த அன்றைக்கு முதல்நாள் இரவும் பறித்தார்களாம். "அவர்களுடைய பெயர்கள்?" என்றேன். அவர் சற்று யோசித்தார். ஆட்களை ஒப்பந்தக்காரர் அனுப்புகிறார், பெயர்கள் அவரிடம் இருக்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு பாண் துண்டுகளை நகர்த்தினார்.

இதே கலிபோர்னியாவில், நாப்பாவுக்குத் தெற்கே வெகுதொலைவில் உள்ள டெலானோவில், 1965 செப்டெம்பர் 8ஆம் திகதி பிலிப்பினோத் தொழிலாளர்கள் லாரி இட்லியோங்கின் தலைமையில் திராட்சை பறிக்க மறுத்தார்கள். எட்டு நாளில் சீசர் சாவேஸும் மெக்சிக்கத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து வருடம் நீடித்த போராட்டம் அது. திராட்சையை வாங்காதீர்கள் என்று அவர்கள் கேட்டபோது கடல் கடந்தும் மக்கள் செவிசாய்த்தார்கள். 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அப்படியிருந்தும், ஒட்டுத்தாளில் ஏறும் பெயர் எது, ஏறாத பெயர் எது என்ற கணக்கு மாறிவிடவில்லை. வெள்ளைக்காரன் செய்கிறான், நாம் செய்யவில்லை என்று மகிழவோ நோகவோ எனக்கு வழியில்லாமல் போயிற்று.

நம்மிடமும் நெடுங்காலக் கணக்கு இது. அதியமான் இறந்தபோது ஔவையார் அவன் தம்மோடு பகிர்ந்த கள்ளை நினைத்துத்தான் அழத் தொடங்குகிறார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் பாடுகிறார். குடித்தவன் பெயர் உண்டு, பாடியவர் பெயர் உண்டு, கொண்டுவந்த நாட்டாரின் பெயரும் உண்டு. கள்ளை ஆக்கியவர் பெயர் இல்லை.

யாழ்ப்பாணத்தில் சில விடயங்கள் மாறின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை எழுதினார். 1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. தவறணைக் குத்தகைக்காரரின் பிடி தளர்ந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. போர் இலட்சக்கணக்கான பனைகளைத் தின்றது. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் குற்றி குற்றியாகப் போயின. இன்று போத்தலில் அடைத்துச் சூடாக்கிய பனங்கள்ளு ரொறன்ரோத் தமிழ்க் கடைகள் வரை வருகிறது. கொதிக்கவைத்த கள்ளில் மதுவம் செத்திருக்கும். ருசியும் பாதி செத்திருக்கும். ஒட்டுத்தாளில் ஒரு பனைமரப் படம் இருக்கும். தமிழகத்திலோ கள்ளிறக்குவதே 1987 முதல் தடை. அரசாங்கக் கடையில் வைன் வாங்கத் தடையில்லை.

ரொறன்ரோவுக்குத் திரும்பியதும் ஊரிலிருக்கும் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். கேணியடிப் பனையிலிருந்து விழுந்தவரின் முழுப் பெயர் வேண்டும் என்றேன். "இப்ப அது என்னத்துக்கு?" என்றவள், இரண்டு கிழமை விசாரித்து ஓர் இலக்கம் தந்தாள். அவருடைய பேரன். வவுனியாவில் ஆசிரியர்.

என்னை யாரென்று சொன்னேன். எந்த வீடு என்று சொன்னேன். மறுமுனை அமைதியாகிவிட்டது. பிறகு, "ஐயா, இப்ப ஏன் கேக்கிறியள்?" என்றார். உண்மையைச் சொன்னேன். முட்டி மாற்றிய கதையைச் சொன்னேன். எட்டு வரியை மூன்றாக்கிய கதையையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் பெயரைச் சொன்னார். எழுத்துக் கூட்டியும் சொன்னார். அழகான பெயர். எழுதிக்கொண்டேன்.

"எழுதப்போறியளோ?" என்று கேட்டார். அதற்காகத்தான் எடுத்தேன் என்றேன்.

"எழுத வேண்டாம் ஐயா. பேரன் எண்டு உங்களுக்குச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. ஆனால் நாங்கள் இஞ்சை வந்து முப்பது வருசம். என்ரை பிள்ளையள் என்ன ஆக்கள் எண்டு இஞ்சை ஒருத்தரும் கேக்கிறதில்லை. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம்."

பாராட்டித்தான் எழுதப்போகிறேன், அவரைப் போன்ற ஒரு மூக்கை நாப்பாவிலும் நான் காணவில்லை என்றேன்.

"பாராட்டினாலும் அதுதானே ஐயா தெரியவரும்" என்றார்.

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. தாத்தாவைப் பற்றி வேறு என்ன நினைவிருக்கிறது என்று அவர் கேட்டார். அவர் சிரிப்பதைச் சொன்னேன். தட்டுப்பொல்லின் ஓசையை வைத்தே எந்த மரத்தில் நிற்கிறார் என்று ஆச்சி சொல்வதைச் சொன்னேன். அரை மணிநேரம் பேசினோம். தம் பிறப்புக்கு முன்பே போய்விட்டவரைப் பற்றி யாரும் இவ்வளவு சொன்னதில்லை என்றார். வைக்கும்போது, "ஆறுதலாய் ஒருநாள் திரும்பவும் எடுங்கோ" என்றார்.

பெயர் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. அன்று இடமில்லை என்று வெட்டினேன். இன்று இடத்துக்குக் குறைவில்லை. எழுதுவதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அவர்களுடையது, வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையிலும் அவர் சீவல் தொழிலாளி ஒருவர்தான்.